பாக்டீரியாவைக் கொல்லும் சிறு புரதங்கள்: தவளைத் தோல் தரும் பாடம்

1940-களில் பெனிசிலின் மருத்துவப் பயனுக்கு வந்ததும் தொற்றுநோய்களின் வரலாறே மாறியது. அதுவரை உயிரைப் பறித்துவந்த நிமோனியா, பேறுகாலக் காய்ச்சல், சீழ்ப்புண் போன்றவை சில நாள் மருந்திலேயே குணமாகும் நோய்களாயின. ஆனால், இம்மருந்துகள் மிகுதியாகவும் முறையின்றியும் பயன்படுத்தப்பட்டமையால், அவற்றுக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகத் தொடங்கின. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றின் நேரடி விளைவாக உயிரிழந்தனர் என்று 2022-இல் வெளியான பன்னாட்டு மதிப்பீடு ஒன்று கூறுகிறது.

இந்த அபாயத்தை உணர்ந்து இந்திய அரசு 2017-இல் தேசியச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. அதைத் தொடர்ந்து, இந்திய மாநிலங்களுள் முதலாவதாகக் கேரளம் 2018-இல் தனக்கென ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டது. இத்திட்டங்களின் முதன்மை நோக்கம், இருக்கும் மருந்துகளைச் சிக்கனமாகவும் முறையாகவும் பயன்படுத்தச் செய்வதாகும். இது இன்றியமையாதது, எனினும் இது மட்டும் போதாது. பழைய மருந்துகள் பயனற்றுப்போகும் வேகத்துக்கு ஈடாகப் புதிய மருந்துகளும் வரவேண்டும். முற்றிலும் புதிய முறையில் பாக்டீரியாவைத் தாக்கும் பொருள்களைத் தேடும் அறிவியலாளரின் கவனம், விலங்குகளின் உடலில் இயற்கையாகவே சுரக்கும் சிறு புரதங்களின்பால் திரும்பியதற்குக் காரணம் இதுவே. திருவனந்தபுரத்திலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வுகள் நடந்துள்ளன.

சிறு புரதம் என்பது யாது?

அமினோ அமிலங்கள் மணிகளைப்போல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட சங்கிலியே புரதம். சங்கிலி மிகக் குறுகியதாக இருப்பின் அதனைப் பெப்டைடு என்பர். நுண்ணுயிரைக் கொல்லும் பெப்டைடுகள் பெரும்பாலும் 10 முதல் 50 வரை அமினோ அமிலங்களைக் கொண்டவை. பூச்சி, மீன், தவளை, கால்நடை, மனிதர் என எல்லா உயிர்களிடத்தும் இவை உண்டு. தோல், குடல், மூச்சுக்குழல், வெள்ளையணுக்கள் ஆகியவை இவை மிகுந்து காணப்படும் இடங்கள். கிருமியை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உருவாக்க உடலுக்குச் சில நாட்கள் ஆகும். அந்த இடைவெளியில் வாயிற்காவலனாக நிற்பவை இப்பெப்டைடுகளே.

இவற்றைப் பற்றிய அறிவு படிப்படியாக வளர்ந்தது. ஐதராபாத்தில் ஈ.எஸ்.பி. ரெட்டியும் பி.எம். பார்கவாவும் காளையின் விந்துநீரில் பாக்டீரியாவைத் தடுக்கும் புரதம் ஒன்று இருப்பதை 1979-இல் அறிவித்தனர். அதற்குச் செமினல்பிளாஸ்மின் என்று பெயரிட்டனர். சுவீடனில் ஹான்ஸ் போமனின் குழு, செக்ரோப்பியா என்னும் பெரிய விட்டிற்பூச்சியின் கூட்டுப்புழுவினுள் பாக்டீரியாவைச் செலுத்தி ஆராய்ந்தது. பூச்சிகளின் உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாவதில்லை. எனினும் அப்புழுவின் குருதி பாக்டீரியாவைக் கொல்லும் ஆற்றலைப் பெற்றது. அதற்குக் காரணமான பெப்டைடுகளைச் செக்ரோப்பின்கள் என்ற பெயரில் அக்குழு 1981-இல் வெளியிட்டது. மனித வெள்ளையணுக்களில் உள்ள டிஃபென்சின்கள் 1985-இல் விவரிக்கப்பட்டன.

1987-இல் அமெரிக்காவில் மைக்கேல் சாஸ்லாஃப் வெளியிட்ட முடிவு பரவலாக அறியப்பட்டது. ஆய்வுக்காக ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறிக் கருமுட்டைப் பகுதியை எடுத்தபின், தைத்து மீண்டும் தொட்டி நீரில் விடுவது அங்கு வழக்கம். பாக்டீரியா மலிந்த அந்நீரிலும் தவளைகளின் புண் சீழ் வைக்காமல் ஆறியதை அவர் கவனித்தார். காரணத்தைத் தேடியபோது, தோலில் 23 அமினோ அமிலங்களைக் கொண்ட இரு பெப்டைடுகள் கிடைத்தன. கேடயம் எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து அவற்றுக்கு மகாயினின் என்ற பெயரை அவர் அமைத்தார்.

திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வு

மேற்குத் தொடர்ச்சி மலை, உலகில் வேறெங்கும் காணப்படாத பல தவளை இனங்களின் இருப்பிடமாகும். திருவனந்தபுரத்திலுள்ள ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையம், 2007 முதல் மத்திய அரசின் உயிர்த்தொழில்நுட்பத் துறையின்கீழ் இயங்கிவரும் ஆராய்ச்சி நிறுவனமாகும். இங்குச் சானில் ஜார்ஜ், கே. சந்தோஷ்குமார் ஆகியோரின் குழுக்கள் இத்தவளைகளின் தோல் சுரப்பை ஆராய்ந்துள்ளன.

ஆய்வுமுறை குறிப்பிடத்தக்கது. தவளையைக் கொல்ல வேண்டுவதில்லை. அதன் தோலில் மிக மெல்லிய மின்தூண்டல் கொடுத்தால் சுரப்பிகள் நீரைக் கசியவிடும். அதைச் சேகரித்துக்கொண்டு தவளையைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடலாம். சுரப்பில் உள்ள பெப்டைடுகளின் அமினோ அமில வரிசை கண்டறியப்பட்டபின், அதே வரிசையை வேதியியல் முறையில் ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக்கொள்ளலாம். எனவே, இங்குத் தவளையிடமிருந்து பெறப்படுவது மருந்தன்று, மருந்துக்கான வரைபடமே.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இருநிறத் தவளையின் சுரப்பிலிருந்து புதிய பெப்டைடுகள் பலவற்றை இம்மையத்தினர் 2014-இல் விவரித்தனர். அவற்றுள் ஒன்று 21 அமினோ அமிலங்களைக் கொண்டது. அதன் வால்பகுதியில் இரு கந்தக அணுக்கள் இணைந்து ஒரு சிறு வளையமாக அமைந்துள்ளன. அப்பெப்டைடின் சில பகுதிகளை நீக்கியும் சிலவற்றை மாற்றியமைத்தும் பல வடிவங்களைத் தயாரித்து, எந்தப் பகுதி எந்தச் செயலுக்குக் காரணம் என்பதை 2015-இல் வெளியான ஆய்வு ஆராய்ந்தது. காசநோய்க் கிருமியின்மீது அதன் செயலும் பின்னர் ஆராயப்பட்டது.

கொல்லும் விதம்

பெனிசிலின் முதலிய மருந்துகள் பாக்டீரியாவின் உள்ளே அல்லது சுவரில் நடைபெறும் ஒரு குறிப்பிட்ட வேதிச்செயலைத் தடுக்கின்றன. பூட்டுக்கு ஏற்ற சாவிபோல், அவை ஒரு குறிப்பிட்ட நொதியில் பொருந்தியே தம் வேலையைச் செய்யும். பூட்டின் அமைப்பைச் சிறிது மாற்றிக்கொண்டால் பாக்டீரியா தப்பிவிடும். விலங்குப் பெப்டைடுகளில் பெரும்பாலானவை இவ்வழியைப் பின்பற்றுவதில்லை. அவற்றின் இலக்கு, பாக்டீரியாவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வேயாகும்.

இச்செயலை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காணலாம்.

முதற்கட்டம், ஈர்ப்பு. பாக்டீரியாவின் புறப்பரப்பில் எதிர் மின்னூட்டமுடைய கொழுப்புகள் மிகுதி. பெப்டைடுகளில் லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்கள் மிகுந்திருப்பதால், அவை நேர் மின்னூட்டம் உடையவை. எதிரெதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்குமாதலால், பெப்டைடு தானாகவே பாக்டீரியாவை நோக்கிச் சென்று ஒட்டிக்கொள்கிறது. ஈ. கோலை போன்ற பாக்டீரியாக்களுக்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு. அதன் கூறுகளை மக்னீசியம், கால்சியம் ஆகியவற்றின் அயனிகள் பிணைத்து நிறுத்துகின்றன. பெப்டைடு அந்த அயனிகளைத் தள்ளிவிட்டு அவ்விடத்தைப் பிடித்துக்கொள்வதால், வெளிச்சவ்வு தளர்ந்து வழிவிடுகிறது.

இரண்டாம் கட்டம், உருமாற்றம். நீரில் இருக்கும்போது ஒழுங்கின்றித் துவண்டு கிடக்கும் பெப்டைடு, சவ்வைத் தொட்டவுடன் திருகு சுருளாக மாறுகிறது. அச்சுருளின் ஒரு பக்கத்தில் நீரை நாடும் அமினோ அமிலங்களும் மறுபக்கத்தில் கொழுப்பை நாடும் அமினோ அமிலங்களும் அமைகின்றன. கொழுப்பை நாடும் பக்கம் சவ்வினுள் புதைகிறது; நீரை நாடும் பக்கம் வெளியே நிற்கிறது. இத்தகைய சுருளில் ஓர் அமினோ அமிலத்துக்கு 0.15 நானோமீட்டர் நீளம் அமைவதால், 20 அமினோ அமிலங்களைக் கொண்ட சுருள் ஏறத்தாழ 3 நானோமீட்டர் நீளமிருக்கும். சவ்வின் கொழுப்பு நடுப்பகுதியின் கனமும் ஏறக்குறைய அவ்வளவே. சவ்வை ஊடுருவி நிற்க இந்நீளம் போதுமானது.

மூன்றாம் கட்டம், உடைப்பு. பரப்பில் சேரும் பெப்டைடுகளின் எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டியதும் சவ்வு நிலைகுலைகிறது. இது நிகழும் விதம் பற்றி மூன்று விளக்கங்கள் வழங்குகின்றன. பீப்பாயின் பலகைகள் வட்டமாக நிற்பதுபோல் பெப்டைடுகள் நின்று நடுவே துளை அமைக்கின்றன என்பது முதலாவது. பெப்டைடுகளோடு சவ்வின் கொழுப்புகளும் உள்நோக்கி வளைந்து துளையின் விளிம்பாகின்றன என்பது இரண்டாவது. மகாயினின் இவ்வகையைச் சேர்ந்தது. கம்பளம் விரித்தாற்போல் பரப்பு முழுவதையும் மூடி, சோப்பு எண்ணெயைக் கரைப்பதுபோல் சவ்வைச் சிதைக்கின்றன என்பது மூன்றாவது. பெப்டைடின் வகையையும் அதன் அளவையும் பொறுத்து இவற்றுள் ஒன்றோ பலவோ நிகழலாம்.

வழி எதுவாயினும் விளைவு ஒன்றே. ஏரிக்கரையில் சிறு அரிப்பு ஏற்பட்டால் தேங்கிய நீரின் அழுத்தமே அதனைப் பெரும் உடைப்பாக்கி, ஏரியை வறளச் செய்துவிடும். அதுபோல, சவ்வின் துளை வழியே பொட்டாசியம் முதலிய அயனிகள் வெளியேறுகின்றன. சவ்வின் இருபுறமும் நிலவிய மின்னழுத்த வேறுபாடு மறைகிறது. ஆற்றல் உற்பத்தி நிற்கிறது. பல பாக்டீரியாக்கள் சில நிமிடங்களிலேயே மடிந்துவிடுகின்றன.

இது சாவி பூட்டில் பொருந்தும் முறையன்று என்பதற்குத் தெளிவான சான்று 1990-இல் கிடைத்தது. இயற்கையில் உள்ளவற்றின் கண்ணாடிப் பிம்பம் போன்ற அமினோ அமிலங்களை மட்டுமே கொண்டு மகாயினின், செக்ரோப்பின் ஆகியவை செயற்கையாகத் தயாரிக்கப்பட்டன. இலக்கு ஒரு நொதியாக இருந்திருப்பின், வலக்கைக்குரிய உறையில் இடக்கை நுழையாதது போல், இவை பயனற்றுப் போயிருக்கும். ஆனால் இவையும் பாக்டீரியாவைக் கொன்றன.

எல்லாப் பெப்டைடுகளும் இவ்வாறே செயல்படுகின்றன என்று கொள்ளலாகாது. தேரையிலிருந்து பெற்ற பியூஃபோரின் என்பதன் ஒரு வடிவம், சவ்வை உடைக்காமல் உள்ளே நுழைந்து மரபுப்பொருளைப் பற்றிக்கொள்கிறது. புரோலின் மிகுந்த சில பெப்டைடுகள், பாக்டீரியா தன் புரதங்களை உருவாக்கும் ரைபோசோமையே தடுத்து நிறுத்துகின்றன.

எதிர்ப்பு வளராதா?

சவ்வு முழுவதையும் மாற்றியமைப்பது பாக்டீரியாவுக்கு எளிதன்று. எனவே, இத்தகைய பெப்டைடுகளுக்கு எதிர்ப்பு மெதுவாகவே வளரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆயினும், எதிர்ப்பே வளராது என்பது தவறு. சில பாக்டீரியாக்கள் பெப்டைடைத் துண்டிக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. வேறு சில, தம் புறப்பரப்பின் எதிர் மின்னூட்டத்தைக் குறைத்துக்கொண்டு ஈர்ப்பையே தவிர்க்கின்றன.

கோலிஸ்டின் வரலாறு இதற்கோர் எச்சரிக்கை. இது பாக்டீரியாவிலிருந்து பெறப்படும் ஒரு பெப்டைடு மருந்து. வேறு எம்மருந்துக்கும் அடங்காத தொற்றுகளில் கடைசித் துணையாக மருத்துவர்கள் இதனை வைத்துள்ளனர். இதே பொருள் பல நாடுகளில் கால்நடைகளும் கோழிகளும் விரைவில் எடை கூடுவதற்காகத் தீவனத்திலும் கலக்கப்பட்டுவந்தது. புறப்பரப்பின் மின்னூட்டத்தை மாற்றி இம்மருந்தை முறியடிக்கும் மரபணு ஒன்று பாக்டீரியாவிலிருந்து பாக்டீரியாவுக்குத் தாவுகிறது என்று 2015-இல் சீனாவிலிருந்து செய்தி வந்தது. இந்திய அரசு 2019-இல் உணவுக்கான விலங்குகளுக்குக் கோலிஸ்டின் அளிப்பதைத் தடைசெய்தது. புதிய பெப்டைடு எதுவாயினும், கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தினால் இதே நிலையை அடையும்.

கொல்லாது விடுதலே கடினம்

பாக்டீரியாவைக் கொல்லும் பொருளைக் காண்பது அரிதன்று. நோயாளியின் உயிரணுக்களை விட்டுவிட்டுப் பாக்டீரியாவை மட்டும் கொல்லும் பொருளைக் காண்பதே அரிது. இத்துறையின் மையச் சிக்கல் இதுவே.

இயற்கை இதற்கு ஓரளவு வழி செய்துள்ளது. விலங்கு உயிரணுச் சவ்வின் வெளிப்புறத்தில் மின்னூட்ட நடுநிலையுடைய கொழுப்புகளே பெரும்பாலும் உள்ளன. கொலஸ்டிரால் அதற்கு உறுதியளிக்கிறது. ஆகவே பெப்டைடு அதன்பால் வலிமையாக ஈர்க்கப்படுவதில்லை. எனினும், கொழுப்பை நாடும் தன்மை பெப்டைடில் மிகுந்தால் இந்த வேறுபாடு மங்கிவிடும். தேனீ நஞ்சிலுள்ள மெலிட்டின் பாக்டீரியாவையும் கொல்லும், இரத்தச் சிவப்பணுவையும் உடைக்கும். முன்னர்க் குறிப்பிட்ட செமினல்பிளாஸ்மினில் கொழுப்பை நாடும் 13 அமினோ அமிலப் பகுதியை மட்டும் ஐதராபாத்தில் சீதாராமும் நாகராஜும் தனியே தயாரித்து 1990-இல் ஆராய்ந்தபோது, அதுவும் இவ்விரண்டையும் செய்வதைக் கண்டனர்.

திருவனந்தபுரம் மையமும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகமும் இணைந்து நடத்திய மற்றோர் ஆய்வு இச்சிக்கலை எண்களிலேயே காட்டுகிறது. அது வைரசைப் பற்றியதாயினும் படிப்பினை ஒன்றே. ஹைட்ரோபைலாக்ஸ் பஹுவிஸ்தாரா என்னும் தென்னிந்தியத் தவளையின் 32 பெப்டைடுகள் இன்ஃபுளுவென்சா வைரசுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டன. 4 மட்டுமே பயன் தந்தன. அந்நான்கில் 3 மனிதச் சிவப்பணுக்களுக்குத் தீங்கு விளைத்தன. எஞ்சியது ஒன்றே. சானில் ஜார்ஜும் எமரியின் ஜோஷி ஜேக்கப்பும் இடம்பெற்ற குழு 2017-இல் அதனை உறுமின் என்ற பெயரில் வெளியிட்டது. தமிழில் உறுமி என்பது தோற்கருவி. மலையாளத்திலோ களரியில் வீசப்படும் சுருள்வாள். பெயர் அவ்வாளிலிருந்து வந்ததாகும். அது எச்1 வகை வைரசின் மேற்புரதத்தின் தண்டுப்பகுதியைப் பற்றி வைரசைச் சிதைக்கிறது, சுண்டெலிகளைக் காத்தது. எச்3 வகையின்மீது அது செயல்படவில்லை. 32-இல் ஒன்று, அதுவும் ஒரு வகை வைரசுக்கு மட்டும் என்பதிலிருந்து இத்தேடலின் அருமையை உணரலாம்.

ஆய்வுக்கூடத்திலிருந்து மருந்தகம் வரை

நச்சுத்தன்மையைக் கடந்தபின்னும் தடைகள் உள. இரத்தத்திலும் குடலிலும் உள்ள நொதிகள் பெப்டைடை உணவாகக் கருதிச் செரித்துவிடும். எனவே மாத்திரையாகக் கொடுப்பது கடினம். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டியிருப்பதால் தயாரிப்புச் செலவும் மிகுதி. உப்பு மிகுந்த உடல்நீர்மங்களில் மின்னீர்ப்பு குன்றி, சில பெப்டைடுகள் வலுவிழக்கின்றன.

மகாயினினைத் திருத்தி உருவாக்கிய பெக்ஸிகனான் என்னும் மருந்தின் அனுபவம் இதை விளக்கும். நீரிழிவு நோயாளிகளின் காலில் தொற்றுற்ற புண்ணுக்கு மேற்பூச்சாக அது சோதிக்கப்பட்டது. ஏற்கெனவே உள்ள மருந்தைவிடச் சிறந்தது என்று நிறுவப்படாமையால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1999-இல் ஒப்புதல் மறுத்தது. 2016-இல் நிறைவுற்ற மறு சோதனைகளிலும் அது வெற்றி பெறவில்லை. கண்டுபிடிப்பு வெளியாகி முப்பதாண்டுகள் ஆகியும் மருந்து கைக்கு எட்டவில்லை.

இங்குப் பொருளாதாரக் காரணமும் உண்டு. நாள்தோறும் ஆயுள் முழுவதும் உண்ணவேண்டிய மருந்தில் நிறுவனத்துக்குத் தொடர் வருவாய் உண்டு. தொற்றுநோய் மருந்தோ சில நாட்களுக்கே தேவைப்படுவது. அதிலும் புதிய மருந்தை இயன்றவரை பயன்படுத்தாது சேமித்து வைப்பதே நல்ல மருத்துவமுறை. சமுதாயத்துக்கு எது நலமோ அது விற்பனையாளருக்கு இழப்பாகிறது. சந்தை மட்டும் இத்துறையை வளர்க்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அரசு நிதியில் இயங்கும் ஆய்வுக்கூடங்களின் பங்கு இங்குதான் இன்றியமையாததாகிறது. ஆனால் பெப்டைடு ஒன்றை விவரிக்கும் ஆய்வுக்கட்டுரையுடன் அப்பங்கு முடிந்துவிடுவதில்லை. நச்சுச் சோதனை, மலிவான தயாரிப்பு முறை, மருத்துவச் சோதனை ஆகிய இடைநிலைகளுக்கும் நிதியும் பொறுமையும் தேவை.

மூலவளத்தைக் காத்தல்

பெப்டைடின் வரிசை ஒவ்வொரு தவளை இனத்திலும் வேறுபடுகிறது. ஆகவே ஓர் இனம் அழிந்தால், படிக்கப்படாத ஏடுகளும் அதனுடன் அழிகின்றன. உலகின் நீர்நில வாழ்வன இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு அழியும் அபாயத்தில் உள்ளன. தவளைக்கால் ஏற்றுமதியால் வயல்களில் பூச்சி பெருகும் என்ற கவலை எழுந்தபோது, இந்தியா 1987-இல் அவ்வேற்றுமதியைத் தடைசெய்தது. அன்று தவளை உழவனின் துணையாகக் கருதப்பட்டது. இன்று அது மருத்துவரின் துணையாகவும் ஆகக்கூடும். ஆனால் இன்றைய ஆபத்து ஏற்றுமதியால் அன்று. ஓடைகளும் சதுப்புகளும் மலைக்காடுகளும் சுருங்குவதால் வருவது.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டமும், அதன்கீழ் 2003-இல் சென்னையில் நிறுவப்பட்ட தேசிய ஆணையமும், உயிரின வளத்தைப் பயன்படுத்துவோர் அதன் பயனைப் பகிர்ந்தளிக்க வேண்டும் என்ற நெறியை வகுத்துள்ளன. தவளையைக் காத்த ஊராருக்கும் அப்பயனில் பங்குண்டு என்பதே இந்நெறியின் கருத்து. ஒருமுறை வரிசை அறியப்பட்டபின் தவளையே தேவைப்படுவதில்லை என்பதால், இந்நெறியைத் தொடக்கத்திலேயே நடைமுறைப்படுத்துவது மேலும் முக்கியமாகிறது.

விலங்குப் பெப்டைடுகள் நாளையே நோய் தீர்க்கும் என்று கூறுவதற்கில்லை. அவை பாக்டீரியாவின் சவ்வை எவ்வாறு உடைக்கின்றன என்பது பெருமளவு தெளிவாகிவிட்டது. மனித உயிரணுவைத் தொடாமல் அவ்வாறு செய்விப்பதே எஞ்சிய பணி. அப்பணி முடியும்வரை, இருக்கும் மருந்துகளை வீணாக்காமல் காப்பதும், மலையோடைத் தவளைகளை அழியாமல் காப்பதும், இரண்டுக்கும் இடையே ஆய்வுக்கூடத்தில் நடைபெறும் உழைப்புக்கு இடையறாது துணைநிற்பதும் ஒரே கடமையின் மூன்று பகுதிகளாகும்.